காப்புக் கட்டிய கை

ஜூன் மாத வெயிலில் பாலேந்திரன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கைப் பொத்தானை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குள்ளே, மணிக்கட்டில், கொடியேற்றத்தன்று ஐயர் கட்டிவிட்ட மஞ்சள் காப்பு இருந்தது. சனிக்கிழமை தேர். அதுவரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, மதுவும் இல்லை.

இன்றைக்கு வியாழன். அவர் நின்றதோ ஒஸ்லோ ஆற்றங்கரையில் ஒரு சின்ன பியர்த் தொழிற்சாலையின் வாசலில்.

எல்லாம் ஹெல்கேயால் வந்தது. ஹெல்கே அவருடைய அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். மே மாதம் ஜெர்மனியில் ஒரு பழைய ஊருக்குப் போய், ஒரே நாளில் ஐந்து இடங்களில் பியர் காய்ச்சுவதைப் பார்த்து, அங்கங்கேயே குடித்தும்விட்டு வந்திருந்தார். "ஒஸ்லோவில் இல்லாததா? நாமும் ஒரு சுற்றுப் போவோம்" என்று பிரிவு முழுவதையும் கிளப்பிவிட்டார்.

பாலேந்திரன் தட்டிக்கழித்திருப்பார். ஆனால் மூன்று வருடமாக அவர் அலுவலகத்தின் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கும் போனதில்லை. "உன் வேலையில் குறையில்லை, பாலா. நீ எங்களுடன் சேருவதில்லை என்றுதான் ஹெல்கே நினைக்கிறார்" என்று பக்கத்து மேசைக்காரி காதில் போட்டிருந்தாள். குழுத் தலைவர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அடுத்த வாரம் முடிவு.

"ஒரு ஜூசைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டிட்டு வாங்கோ," என்று காலையில் மனைவி சத்தியபாமா சொல்லி அனுப்பியிருந்தாள். "தேருக்குக் கட்டை போடுற கை. மறந்திடாதேங்கோ."

கோயில் வீதியில் ஒரு சரிவு உண்டு. அதில் தேர் இறங்கும்போது சில்லுக்கு அடியில் மரக்கட்டை செருகி நிறுத்த ஓர் ஆள் வேண்டும். போன மாதக் கூட்டத்தில் அந்தப் பொறுப்பைக் கேட்டு எழுந்தவர் குகநேசன்.

"நான் நாள் முழுக்கப் பீப்பா உருட்டுறவன். எந்தப் பாரம் எங்கை நிக்குமெண்டு என்ரை கைக்குத் தெரியும்."

"என்ன பீப்பா? பியர்ப் பீப்பாதானே?" என்று கேட்டவர் பாலேந்திரன். "சாமியின்ரை தேரிலை அந்தக் கை படக்கூடாது, தம்பி."

சபை சிரித்தது. குகநேசன் உட்கார்ந்துவிட்டார். பொறுப்பு பாலேந்திரனுக்கு வந்தது. குகநேசன் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே போனதும் ஹெல்கே ஒரு கிளாசை அவர் கையில் வைத்தார். "ஒன்றே ஒன்று, பாலா. எனக்காக."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜூஸ் என்ற சொல் தொண்டை வரை வந்தது. குழுத் தலைவர் என்ற சொல் அதை முந்திக்கொண்டது. ஒரே மூச்சில் குடித்தார். கசந்தது.

பிறகு, சுற்றிக் காட்டிய பெண் ஒரு சாக்கைத் திறந்து, வறுத்த பார்லியைக் கையால் அளைந்து பார்க்கச் சொன்னாள். எல்லோரும் சட்டைக் கையை மடித்தார்கள். அவரும் மடித்தார். மடித்த பிறகுதான் நினைவு வந்தது.

"அழகாக இருக்கிறதே, என்ன அது?" என்றார் ஹெல்கே.

"மகள் கட்டிவிட்டது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். பியர்க் குழாய்களுக்குப் பின்னால், ரப்பர் சப்பாத்தும் ஈர ஏப்ரனுமாக நின்றுகொண்டிருந்தார் குகநேசன். அவர் பார்வை மஞ்சள் நூலில் இருந்தது.

"உங்கள் நாட்டுக்காரரா? தெரியுமா?" என்று ஹெல்கே உற்சாகமாகக் கேட்டார்.

"இல்லை," என்றார் பாலேந்திரன்.

குகநேசனின் முகம் மாறவில்லை. "ஒஸ்லோ பெரிய ஊர்," என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு வெறும் கிளாஸ்களை அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த மூன்று சுற்றுக்கும் பாலேந்திரனின் கிளாசைக் குகநேசனே கொண்டுவந்து வைத்தார். கறுப்பாக, நுரையோடு, மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. உதட்டில் வைத்தபோது இனித்தது. வீட்டில் பிள்ளைகள் குடிக்கிற, மதுவில்லாத மால்ற் பானம்.

"இப்போதுதான் நீ எங்கள் ஆள்!" ஹெல்கே அவர் முதுகில் தட்டினார். "அடுத்த வாரம் பேசுவோம், குழுத் தலைவரே."

வெளியேறும்போது குகநேசன் கதவருகே ஒரு பீப்பாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாதேங்கோ, பாலண்ணை. நான் கொண்டுவந்தது மூண்டும் மால்ற்தான்."

அந்த முதல் கிளாசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாலேந்திரன் வாயைத் திறந்தார். "ஓம்" என்பது மட்டும்தான் வந்தது.

சனிக்கிழமை காலை அவர் கோயில் தலைவர் சிறீஸ்கந்தராசாவைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்கு நாரி பிடிச்சுப்போச்சு, இடுப்பை வளைக்க ஏலாது. கட்டையைக் குகநேசனிட்டைக் குடுப்பம்."

"நீங்கள்தானே அந்தாளை வேண்டாமெண்டனீங்கள்?"

"அது அண்டைக்கு."

தேர் சரிவில் இறங்கியது. வடம் பிடித்தவர்கள் "மெல்ல, மெல்ல" என்று கத்தினார்கள். குகநேசன் குனிந்து, சில்லின் உருளலைக் கண்ணால் அளந்து, கட்டையைச் செருகினார். தேர் ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது. "அரோகரா" எழுந்தது.

ஒலிபெருக்கியில் தலைவரின் குரலும் எழுந்தது. "அடியார்களே! தன்ரை பொறுப்பை இன்னொருத்தருக்கு விட்டுக்குடுத்த பாலேந்திரன் அண்ணையின்ரை பெரிய மனசை..."

கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் நின்ற சத்தியபாமா பெருமையோடு பார்த்தாள். அவளிடமும் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. காதுமடல் வரை சுட்டது. வேகமாகத் தேரடிக்குப் போனார்.

"தம்பி, அண்டைக்கு அந்த முதல் கிளாஸ்... அது மால்ற் இல்லை."

குகநேசன் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும் அண்ணை. கிளாஸ் கழுவினதும் நான்தானே."

பாலேந்திரன் இன்னும் ஓர் அடி கிட்ட வந்தார்.

"தள்ளி நில்லுங்கோ," என்றார் குகநேசன். "தேர் வெளிக்கிடப் போகுது. நாரி நோகிற ஆள் கிட்ட நிக்கக்கூடாது."

"அண்ணை, வந்து ரெண்டு வார்த்தை கதையுங்கோ!" ஒலிபெருக்கி மறுபடியும் அழைத்தது.

பாலேந்திரன் போனார். சிறீஸ்கந்தராசா சிரித்தபடி நீட்டிய மைக்கை, காப்புக் கட்டிய கையால் வாங்கினார்.

"என்ரை நாரிக்கு ஒண்டுமில்லை," என்று தொடங்கினார்.