நாஷிபாயின் புதுப்பல்

மகள் நாஷிபாய்க்கு முதல் பால்பல் விழுந்த நாளிலிருந்தே நெம்பிரிஸ் தினமும் அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முளைக்கப்போகும் பல் வெள்ளையா, பழுப்பா? கீழூர்க் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த யாருக்கும் வெள்ளைப்பல் கிடையாது. அவள் புருஷன் லோமயானி சிரித்தால் கையும் கூடவே வாய்க்குப் போகும். அந்தக் கறை தன் பிள்ளைகளுக்கு வரக்கூடாதென்று, மேரு மலை ஓடையிலிருந்து கழுதைமேல் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிப்பது, சமைப்பது எல்லாம் அதில்தான்.

நாத்தனார் சியாமாண்டாவுக்கு அது கேலி. "எங்க ஊர் தண்ணி அண்ணிக்கு ஆகாது. எங்க அண்ணன் மட்டும் ஆவாரு."

ஒருநாள் காலையில் நாஷிபாய் வாயைத் திறந்து காட்டினாள். புதுப்பல்லின் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. நடுவே மஞ்சள் கீற்று. நெம்பிரிஸ் துணியால் தேய்த்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பெண் அழுதாள்.

கைக்குழந்தை லெமாலியை நாத்தனாரிடம் விட்டாள். பசித்தால் சோளமும் அவரையும் சேர்த்து நெம்பிரிஸ் வேகவைத்திருந்த மக்காண்டேயை மசித்து ஊட்டுவதாகச் சொல்லிச் சியாமாண்டா அனுப்பிவைத்தாள்.

மகளைக் கூட்டிப்போன சுகாதார நிலையத்தில் நர்ஸ் நிதானமாக விசாரித்தாள். குடிக்க எந்தத் தண்ணீர், தேநீருக்கு எது, கஞ்சிக்கு எது. எல்லாம் ஓடைத் தண்ணீர்தான். நெம்பிரிசுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அவரைக்கொட்டை வேக என்ன போடுவீங்க?"

"மகாடிதான். ஏரிக்கரை உப்புக்கல்லு. அது இல்லாம எங்க வேகுது?"



"பல்லைக் கறையாக்குறது கிணத்துல இருக்கிற ஃப்ளோரைடு. அது அந்தக் கல்லுலயும் இருக்கும்மா. சில கல்லுல கிணத்தவிட ஜாஸ்தி."

பிள்ளைகளுக்கு நன்றாக மசியட்டுமென்று எப்போதும் ஒரு பிடி கூடப் போடுபவள் நெம்பிரிஸ். வெளியே வந்துவிட்ட பல்லின் கறை தானாகப் போகாது, ஈறுக்குள் உருவாகிற பல்லைத்தான் இனிக் காப்பாற்ற முடியும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்று அவள் கேட்டபோது நெம்பிரிஸ் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்குள் சியாமாண்டா மடியில் லெமாலி சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். கிண்ணம் அநேகமாகக் காலி. நெம்பிரிஸ் அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள்.

"என்ன அண்ணி இது? நான் என்ன விஷமா வச்சேன்?"

"நீ இல்லடி. நான்."

குழந்தை வீறிட்டான். திறந்த வாய்க்குள் அவனுடைய பால்பற்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. நாஷிபாய்க்கும் அப்படித்தான் இருந்தன.