கண்ணாடிக்குள் இறங்கிய கை

ஷோபாவின் வலது கை விரல்கள் டேப்லெட்டின் கண்ணாடிக்குள் இறங்கத் தொடங்கியது போன ஆடி மாதம், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயில் பங்காருபேட்டையைத் தாண்டிய பிறகு. முதல் நாள் நகம் வரைக்கும்தான் போயிற்று. பெங்களூரில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. போக வர ரயிலில் டேப்லெட்டை மடியில் வைத்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, திரையில் தெரியும் தந்திகளைத் தேய்த்தும் பறைகளைத் தட்டியும் பாட்டு அமைப்பாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் கேட்டதும் இல்லை. அன்றைக்கு ஒரு சுரத்தை நீட்டுவதற்காக விரலை இழுத்தபோது, ஆறிய பாலின் ஆடை விலகுவதுபோல் கண்ணாடி விலகி வழிவிட்டது. எதிர் சீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண் அதைப் பார்த்தாள். பிறகு அடுத்த கட்டைப் பிரித்தாள்.

ஆவணி முடிவதற்குள் மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. வலி இல்லை, வாசித்து முடித்து இழுத்தால் கை பழையபடி வெளியே வந்துவிடும். டிக்கெட் பரிசோதகர் வந்தால் இடது கையால் பையைத் துழாவி பாஸை எடுத்துக் காட்டுவாள். "அந்தக் கை எங்கம்மா?" என்று ஒருமுறை கேட்டார். "உள்ள கீது சார்" என்றாள். அவர் அடுத்த பெஞ்சுக்குப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. வெளியே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கோடு, ஒரு கட்டம், ஒரு பெயர் இருந்தது. உள்ளே அவை ஒன்றோடொன்று கலந்து, மாவில் கை விட்டால் விரலிடுக்கில் வழிவதுபோல் வழிந்தன. எந்த விரல் எந்த ஒலியைத் தொடுகிறது என்று தெரியாமலிருப்பதில்தான் அவளுக்கு நிம்மதி இருந்தது. அவளும் கணவனும் மாமனாரும் குடியிருந்த, சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு தட்டித் தடுப்பு, அதற்கப்பால் அடுப்பு. புடவை மாற்றுவதற்கு மாமனார் வாசலுக்குப் போக வேண்டும். சிரிப்பதற்கும் அழுவதற்கும் அவளுக்குத் தனியாக ஓர் இடம் இருந்ததில்லை. இப்போது ஒரு கைக்கு மட்டும் இருந்தது.

மாமனார் சின்னசாமி, தங்கச் சுரங்கம் மூடும்வரை, செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டில் ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றி இறக்கியவர். மருமகளின் கையைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்.

"சூடா கீதா?"

"வெதுவெதுன்னு கீது மாமா."

"அப்ப நல்ல ஆழம்தான்" என்றார். சுரங்கத்தில் கீழே போகப் போகச் சூடு ஏறும். அந்தக் காலத்தில் கீழே இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். எதுவும் மாட்டாமல் யாரும் எங்கும் இறங்கக்கூடாது என்று அவர் சொன்னதால், ஷோபா வலது கை வளையல்களைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். லைன் முழுக்க இந்த ஏற்பாடு தெரியும். ஆணியில் வளையல் தொங்கினால், எதிர் வீட்டுக் கங்கம்மா சர்க்கரை கேட்க வந்தாலும் பேசாமல் திரும்பிவிடுவாள்.

கணவன் ரவிகுமாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவன் தொழிற்சாலையில் இரும்பைக் கடையும் லேத் ஓட்டுகிறவன். பிடிப்பதற்குப் பிடி இல்லாத எதையும் அவன் நம்பியதில்லை. கை முழங்கையைத் தாண்டிய வாரத்தில் பெங்களூர் போய், டேப்லெட்டோடு ஒயரில் இணைக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தான். அதில் வரிசையாகக் குமிழ்கள், ஏற்றி இறக்கும் பிடிகள், தட்டுவதற்கு ரப்பர் கட்டைகள்.

"இந்தா. இத்த வெச்சி வாசி. திருப்புனா திரும்பும், வுட்டா நிக்கும். கையி கையாவே இருக்கும்."

"கண்ணாடியில இன்னாங்க கஷ்டம்?"

"உனுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. எனுக்குத்தான். ராத்திரி பக்கத்துல படுத்துகினு கீறது யாருன்னே தெரியல."

அவள் பெட்டியில் வாசித்தாள். திரையைப் பார்க்காமலே விரல் இடத்தைக் கண்டுபிடித்தது. தாளம் சரியாக விழுந்தது. குமிழைத் திருப்பியபோது ஒலி எவ்வளவு ஏறும் என்று விரலுக்கே தெரிந்தது. "இப்பதான் பாட்டு பாட்டு மாதிரி கீது" என்றாள் கங்கம்மா. பக்கத்து லைன் கல்யாணத்தில்கூட அதைப் போட்டார்கள். ஷோபா தன் பாட்டைப் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டாள். ஒவ்வொரு ஒலியும் இஸ்திரி போட்ட சட்டைபோல் தனித்தனியாகத் தொங்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பாட்டில் அவள் எங்கேயும் இல்லை என்பது அவளுக்கு மட்டும் கேட்டது. மறுநாள் ரயிலில் கையை மறுபடி கண்ணாடிக்குள் விட்டாள். சாயங்காலம் அது தோளுக்கு அரை சாண் கீழே வரை போயிருந்தது.

ரவிகுமார் சத்தம் போடவில்லை. தொழிற்சாலையில் ஒரு தகரத்தை டேப்லெட் அளவுக்கு வெட்டி, மூலைகளை ராவி, திருகாணிக்குத் துளை போட்டுக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்ணாடி மேல் முடுக்கிவிடப் போவதாகச் சொன்னான். பெட்டி ஒயரில்தானே வேலை செய்கிறது, திரை எதற்கு. தகரம் அலமாரியின் மேல் இருந்தது. அதற்குக் கீழேதான் அவள் அந்த வாரம் முழுக்கச் சமைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கடைசியாக ஒருமுறை என்று வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். டேப்லெட்டைப் பாயில் வைத்து எதிரே உட்கார்ந்தாள். கை எழவில்லை. கடைசித் தடவை என்று தெரிந்து ஓர் இடத்துக்குப் போவதைவிடப் போகாமலிருப்பது மேல் என்று தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வளையல்களை மறந்துவிட்டாள்.

அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய வெறும் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். பக்கத்தில் ஆள் இல்லை. சொரசொரப்பான உள்ளங்கை, கட்டைவிரலின் அடியில் இரும்புச் சீவல் கிழித்த தழும்பு. அதை அவளுக்குத் தெரியும். அது அவள் கையை மெல்ல வலப்பக்கம் திருப்பியது, நின்றது, மறுபடி திருப்பியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு கவனமாக அவளைத் தொட்டதில்லை. காய்க்காரனிடம் பையைக் கொடுத்துவிட்டு, கை இழுத்த பக்கமே நடந்தாள்.

வீட்டு வாசலில் லைனே கூடியிருந்தது. பெண்கள் தலையில் முந்தானை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஷோபா கும்பலின் பின்னால் நின்று, "இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஷோபா உள்ள பூட்டா" என்றாள் கங்கம்மா, திரும்பாமலே.

"முழுசாவா?"

"முழுசாத்தான். வளையல் ஆணியில தொங்குது. செருப்பைக்கூட போட்டுகினே எறங்கிட்டா பாரு. நல்ல பொண்ணு. ரசம் வெக்கத்தான் கடைசி வரைக்கும் வரல."

உள்ளே ரவிகுமார் பெட்டியின் முன் மண்டியிட்டுக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தான். "மெதுவா ஏத்துடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் சின்னசாமி. "வேகமா ஏத்துனா ஆளுக்கு மூச்சு முட்டும்." ரவிகுமாரின் வாய் கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் இருந்தது. "தகரம் வாணாம் ஷோபா. நான் அத்த முடுக்கமாட்டேன். கை தட்டுப்படுது, வுட்றாத. எத்தினி நாளு வேணா உள்ள இரு. எங்க கீறேன்னு மட்டும் எனுக்குத் தெரியட்டும்."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவன் குமிழைத் திருப்பத் திருப்பத் தோல் லேசாகச் சுருங்கி விரிந்தது.

"இங்கதான் கீறேங்க" என்றாள்.

கும்பல் திரும்பிப் பார்த்தது. முந்தானைகள் இறங்கின. "அடிப்பாவி, உயிரோடதான் கீறியா?" என்றாள் கங்கம்மா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. ரவிகுமார் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குமிழிலிருந்து கையை எடுக்காமல் கேட்டான்.

"அப்ப இங்க என் கையில தட்டுப்பட்டது யாரு?"

"நான்தான்."

தகரத்தைத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகப் போட்டார்கள். ஐப்பசியில் தோள் போயிற்று, கார்த்திகையில் ஒரு பக்கத்துக் காதும் கன்னமும். அவள் வாசிக்கும்போதெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு குமிழில் கை வைத்திருப்பான். அதைத் திருப்பினால் பாட்டு மாறும், அதனால் அநேகமாகத் திருப்பமாட்டான். அவன் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் ஒலி கொஞ்சம் கனத்திருக்கும். கேட்டவர்களுக்கு அந்தக் கனம் பிடித்திருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்ட பிறகு, ஷோபா முழுசாக உள்ளே இறங்கினாள். கடைசியாகப் போனது இடது பாதம். ரவிகுமார் குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பாவோடு பேசினான், இடது கையில் பேப்பரைப் பிடித்துப் படித்தான், ஒரு தரம் கண் அசந்தான். குமிழ் அவன் விரலடியில் தானாக ஒரு பக்கம் சாய்ந்தபோது அவளைப் போகவிட்டான், திரும்பி வந்தபோது வரவிட்டான். வெயில் சாய்கிற நேரத்தில் முதலில் வலது கை வெளியே வந்தது, பிறகு தலை, பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டே அவள்.

"இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான் ரவிகுமார், உண்மையாகவே.

பசிக்கிறது என்று அவள் சொன்னாள். மத்தியானச் சோறு மீதமிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.