கலங்கிய மருந்துத் தண்ணீர்

கீழ்வேளூரை அடுத்துச் சாலையோரமாகப் பச்சை வலைப் பந்தல் போட்டு, மிளகாய், கத்தரி நாற்று விற்றுவந்தாள் கமருன்னிஸா. அந்த ஆவணியில் குழித்தட்டுகளில் முளைத்த மிளகாய் நாற்றுகள் பத்தாம் நாள் தண்டின் அடியில் அழுகி, வரிசை வரிசையாகச் சாய்ந்தன. விதையை மாற்றினாள். தேங்காய் நார்த்தூளை மாற்றினாள். அடுத்த விதைப்பும் அதே போலச் செத்தது.

சந்தேகப்பட மிச்சமிருந்தது பழைய குழித்தட்டுகளைக் கழுவும் வேலைதான். அதைச் செய்துவந்த மதிவதனியை அங்கே வேலை செய்த மற்ற பெண்களுக்கு முன்னால் கூப்பிட்டு, பிளீச்சிங் பவுடர் கலந்த மருந்துத் தண்ணீரில் தட்டுகளை ஒழுங்காக முக்குவதில்லை என்று கடிந்துகொண்டாள்.  மறுநாள் மதிவதனி வேலைக்கு வரவில்லை.

கமருன்னிஸாவே மருந்துத் தண்ணீர்ப் பீப்பாய் முன் உட்கார்ந்தாள். பழைய தட்டுகளின் குழிகளில் நார்த்தூளும் செத்த வேர்களும் காய்ந்து ஒட்டியிருந்தன. இருபது தட்டு முக்குவதற்குள் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. மருந்து வாடையே இல்லை. வேளாண் அலுவலரைப் போனில் கேட்டாள். மருந்தின் வீரியத்தை அழுக்கே தின்றுவிடும், உள்ளே இருக்கும் பூஞ்சணம் சாகாது, முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் முக்க வேண்டும் என்றார் அவர்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆடியில் நாற்று வாங்க வந்தவர்கள் நெருக்கியபோது, தேய்க்க வேண்டாம், முக்கி எடுத்தால் போதும் என்று மதிவதனியிடம் சொன்னதே அவள்தான்.

மாலையில் மதிவதனி வீட்டுக்குப் போனாள்.

"தப்பு என்னோடது மதி. உன் தலையில போட்டுட்டேன்."

"தேய்க்காம முக்குனா சரியா வராதுன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சுக்கா" என்றாள் மதிவதனி. "சொன்னா கேக்கவா போறீங்கன்னு விட்டுட்டேன்."

கமருன்னிஸாவுக்கு அது திட்டு வாங்கியதைவிட வலித்தது. மன்னிப்பை அந்தப் பெண்களுக்கு முன்னால் சொன்னால் வேலைக்கு வருவதாக மதிவதனி சொன்னாள். மறுநாள் காலை, தட்டுகளை எடுப்பதற்கு முன்பே கமருன்னிஸா எல்லாரையும் அழைத்துச் சொன்னாள். 

இருவரும் சேர்ந்து பிரஷ்ஷால் தேய்த்து, புதுத் தண்ணீரில் முக்கிய தட்டுகளில் அந்த முறை ஏழெட்டு நாற்றுகள் மட்டுமே சாய்ந்தன.

பின்னொரு நாள், தட்டு முக்கிக்கொண்டிருந்தபோதே நாற்று வாங்க வேனோடு வந்த ஆட்கள் அவசரப்படுத்திக் காத்திருந்தார்கள்.

"தண்ணி கலங்கிடுச்சுக்கா. மாத்தணும்" என்றாள் மதிவதனி.

கமருன்னிஸா வேனைப் பார்த்தாள். பிறகு பீப்பாயைச் சாய்த்துவிட்டு, குழாயைத் திறந்தாள்.