முடுக்கின நட்டுக்கு ஒரு கோடு

மூளைக்காய்ச்சலில் இருந்து பிழைத்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே மச்சான் பஸ் சக்கரத்தில் ஒரு போல்ட்டை முறித்தார். அக்காவின் புருஷன். பதினாறு வருஷமாக எங்கள் டிப்போவில் சக்கரம் மாட்டுகிற ஆள். அவர் கையில் போல்ட் முறிந்து நான் பார்த்ததில்லை.

கையில் குறை இல்லை. ஒரு சக்கரத்துக்குப் பத்து நட்டு. ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை முடுக்க வேண்டும். வரிசையாகப் போனால் சக்கரம் கோணும். கை அதை மறக்கவில்லை, தாவித் தாவி முடுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் யாரோ ஜாக்கி கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது எதை முடுக்கினோம் என்பது தலையில் இல்லை. முடுக்கினதையே மறுபடி முடுக்கினார், நீள ஸ்பேனரில் உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு.

ஃபோர்மேன் பக்கத்து நட்டை விரலால் சுழற்றிக் காட்டினார். காற்றாடி மாதிரி சுழன்றது.

"போல்ட் முறிஞ்சது போகட்டும்ப்பா. இது ரோட்டுக்குப் போயிருந்தா? உள்ள நாப்பது பேர் உட்கார்ந்திருப்பான்."

ரெண்டு மாசம் தவணை கொடுத்தார். அதற்குள் தேறாவிட்டால் மச்சான் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். ஸ்பேனர் பிடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷன்.

அக்காவும் நானும் மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நமக்கு நடந்தது ஒரு பெட்டியில இருக்கும். தெரிஞ்சுக்கிட்டது ஒரு பெட்டி. கைக்குப் பழகினது இன்னொண்ணு. இவருக்கு அந்த முதல் பெட்டிக்கு மூடி திறக்கல. புதுசா எதுவும் உள்ள போகாது."

"திரும்ப வருமா?" என்றாள் அக்கா.

"நம்பாதீங்க. ஆனா கை இன்னும் பழகும். சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்காது, கத்துக்கிட்டது நிக்கும். ஒண்ணு மட்டும் பாருங்க, தப்பு பண்ண விட்டுத் திருத்தாதீங்க. அந்தத் தப்பும் சேர்ந்து பழகிடும்."

வெளியே வந்ததும் மச்சான் கேட்டார்: "யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான், வாங்க" என்றாள் அக்கா.

அக்கா தையல் கம்பெனியில் துணி சரிபார்க்கிறவள். யோசனை அவளுடையது. "பார்த்து முடிச்ச துணிக்கு நாங்க சாக்பீஸ்ல கோடு போடுவோம். ஒரு நாளைக்கு ஆயிரம் துணி, தலையை நம்பி எவ வேலை பார்ப்பா? முடுக்கின நட்டுக்கு ஒரு கோடு போடச் சொல்லு."

வாயால் சொன்னால் அவர் தலையில் நிற்காதே. சீட்டில் எழுதிப் பையில் வைத்தோம். சீட்டு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. கைக்குத்தான் ஏற்ற வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால் கழித்துப் போட்ட ஒரு பழைய அச்சில் சக்கரம் மாட்டி, தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம். பழைய கோட்டைத் துடை, முடுக்கு, கோடு போடு.

"எதுக்குடா மாப்ள இந்தக் கூத்து?" என்று தினமும் கேட்பார். முதல் வாரம் விளக்கினேன். ரெண்டாவது வாரம், "சும்மா போடுங்க மச்சான், அழகா இருக்கும்" என்றேன். அதற்குச் சிரித்தார். மறுநாளும் அதையே சொன்னேன், மறுநாளும் சிரித்தார்.

கெடுத்தது நான்தான். சீக்கிரம் முடியட்டும் என்று, கோடு போட வேண்டிய இடத்திலெல்லாம் நானே அவர் கையைப் பிடித்து முன்கூட்டிப் போட்டு வைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் கை அதைப் பிடித்துக்கொண்டது. பத்து நட்டுக்கும் கோடு இழுத்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுத்தார். தளர்ந்த நட்டில் கோடு. ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசம்.

அக்காவிடம் சொன்னபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "உன் அவசரத்தையும் சேர்த்து அவர் கையில ஏத்திட்ட. நல்லா இருக்குடா உன் வாத்தியார் வேலை."

சாக்பீஸை அவர் கையிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றச் சொன்னதும் அவள்தான். நீள ஸ்பேனருக்கு ரெண்டு கையும் வேண்டும். சாக்பீஸ் கையில் இருந்தால்தானே முந்தும். ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கை பைக்குப் போகக் கூடாது. பதினைந்து நாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பொண்டாட்டிகூட இப்படிக் கையைப் பிடிச்சதில்லடா" என்றார். அதையும் தினமும் சொன்னார். கெட்ட பழக்கம் மெதுவாகத்தான் இறங்கியது.

தவணை முடிந்த அன்று ஃபோர்மேன் வந்தார். நிஜ பஸ், நிஜ சக்கரம். மச்சான் ஆறு நட்டு முடுக்கியிருந்தபோது ஃபோர்மேன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு அவர் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். ஐந்து நிமிஷம் பேச்சு கொடுத்து, பிறகு கூட்டி வந்தார்.

"எதெதை முடுக்கின?"

"தெரியலையே சார்."

மச்சான் சக்கரத்தைப் பார்த்தார். "கோடு இருக்கறது முடிஞ்சுது. நாலு பாக்கி."

"கோடு போட்டது யாரு?"

"நானாத்தான் இருக்கும். என் சக்கரத்துல வேற எவன் கை வைப்பான்?"

"உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா இதை?"

"இதையெல்லாமா சார் சொல்லித் தருவாங்க?"

நாலையும் முடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஸ்பேனர் கீழே போனது, கை பைக்குப் போனது, கோடு விழுந்தது. ஃபோர்மேன் தன் ஸ்பேனரை எடுத்துப் பத்தையும் இழுத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"சக்கர வேலையே பார்க்கட்டும்" என்றார் என்னிடம். "ஆனா வண்டி வெளிய போறதுக்கு முன்னாடி ரெண்டாவது ஆள் ஸ்பேனர் வெச்சுப் பார்த்தாகணும். இவருக்கு மட்டுமில்ல. இனிமே உங்க எல்லாருக்கும்தான்."

சாப்பாட்டு வேளைக்குள் மூன்று தடவை சொல்லிவிட்டேன், மச்சான், உங்க வேலை உங்களுக்கே என்று. மூன்று தடவையும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா மாப்ள?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"சாயந்திரம் நீ வாயைத் திறக்காத," என்றாள். "வீட்டுக்கு வந்ததும் அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."