கட்டின் கடைசிச் சுற்று

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது செண்பகனூர் டவுன் பஸ்ஸில், ஒட்டுக்கேட்டு. இரண்டாயிரத்தெட்டு, மார்கழி. ஜன்னலெல்லாம் மூடிக் கிடந்தால் காதுக்கு வேறென்ன சோலி?

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி மூடிய சரிவில் ஒரு மனிதன் நொண்டியபடி…

(வேண்டாம். கொடைக்கானல் என்றாலே எல்லோரும் பனியை இறக்கிவிடுகிறார்கள்.)

நேராகவே சொல்கிறேன். அட்டுவம்பட்டியில் என் எதிர்வீட்டு சேனாதிபதிக்குக் கணுக்காலில் ஆறாத புண். கேரட் வயலில் மண்வெட்டி பட்டது. புண் மூடாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று மதுரை டாக்டரம்மா சொல்லியிருந்தார். முன்சீட்டில் அவர் மனைவி வீரம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் இதைச் சொல்லி அழுதுகொண்டே வந்தாள்.

2

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாராம். ஆராய்ச்சியாகச் செய்துபார்க்கிறார்கள்: அவரவர் வயிற்றுக் கொழுப்பிலிருந்து சில செல்களைப் பிரித்துப் புண்ணைச் சுற்றிப் போடுவது. ஆறலாம், உறுதி கிடையாது.

சேனாதிபதி மூங்கில் கழி. வீரம்மாளோ… (எழுதமாட்டேன். எதிர்வீட்டில் நான் குடியிருக்க வேண்டும்.)

“எங்கிட்ட தாராளமாக் கெடக்கே, எடுத்துக்கங்க டாக்டர்.”

“அவரோடதுதாம்மா வேணும்.”

(கொழுப்பை வைத்து ஒரு கேலி வரும் என்று காத்திருப்பீர்கள். எங்கள் தெரு அதை ஒரு வாரம் மென்று துப்பிவிட்டது.)

ஊர் திரும்பியதும், ‘கொஞ்சம் தேத்திக் கூட்டிட்டு வர்றேன்’ என்று வீரம்மாள் போன் போட்டுச் சிகிச்சைத் தேதியைத் தள்ளிவைத்தாள். சிலோன் எஸ்டேட்டில் பிறந்த கை. தேங்காய் ரொட்டி அடுக்கடுக்காக இறங்கியது. தெருவே கொழுப்பேறிய பட்டர் புரூட் பழங்களாக அனுப்பியது.

“நா என்ன கோயிலுக்கு வளக்குற கெடாவாடி?”

“கெடாவுக்கு நாலு காலும் நல்லா இருக்கு. தின்னுங்க.”

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா அவர் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். “இதுக்கா வராம இருந்தீங்க? அன்னைக்கு இருந்ததே போதும்மா!”

வீரம்மாள் முகம் செத்துப்போனது. அந்த ஒரு மாதத்தில் புண் இன்னும் அகன்றிருந்தது.

3

செல்களைப் போட்டு வந்த பிறகு விசாரிக்கப் போனேன். அந்தச் செல்லே சதையாக மாறிவிடுமா என்று வீரம்மாளைக் கேட்டேன்.

“கொஞ்சம் மாறுமாம்க்கா. அதைவிட, அக்கம்பக்கத்துல சும்மா கெடக்குற செல்லுக்கெல்லாம் சேதி சொல்லி எழுப்பிவிடுமாம். அப்புறம் ரத்தக்குழாய், சதை எல்லாம் தானா வளருமாம்.”

துள்ளிக் குதித்தேன். தன் வேலையைவிடத் தெருவைக் கிளப்பிவிடுவதே பெரிய வேலையா! இத்தனை வருடமாக நான் வேறென்ன செய்கிறேன்?

“உங்க நாக்கைக் கரைச்சு ஊத்தியிருந்தா வெரசா ஆறியிருக்கும்க்கா.”

4

முடிவு ஒன்று: சேனாதிபதி கேரட் மூட்டையோடு மேட்டில் ஏறுகிறார். (என் வாயை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: காலை எடுத்த பிறகு வீரம்மாள்…

பேனாவை வைத்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். கட்டுப் பிரிக்கும் நாள். நர்ஸ் தமயந்தி சுற்றுச் சுற்றாகப் பிரிக்கிறாள். உறைமோர் கேட்கும் சாக்கில் நான் வாசலில். வீரம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள்.

“நா பாக்கல. ஒரு மாசத்தைக் கெடுத்தவ நான்.”

“ஏய், இங்க திரும்பு,” என்கிறார் சேனாதிபதி. “அரிக்குதுடி! காயம் பட்ட நாள்லேருந்து இப்பத்தான் அரிக்குது!”

அவள் திரும்புகிறாள். இன்னும் ஒரே சுற்று.

அதை உங்கள் கையில் விடுகிறேன். மெதுவாகப் பிரியுங்கள், சதையோடு ஒட்டியிருக்கும். பார்த்ததும் முதலில் எனக்குச் சொல்லுங்கள். தெருவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.