மூன்றாவது கியர் சத்தம்

ஜானகிராமன் தன் காரில் மூன்றாவது கியர் போட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். கர்ர்ர் என்று ஒரு சத்தம். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூடத் தலையைத் தூக்காமலே, "போல்ட் கம்பெனி மொதலாளி வந்துட்டாரு" என்பான்.

காரைக் குறை சொல்ல முடியாது. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். எழுபத்தொன்றாம் வருஷம் ஊருக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். வாங்கி மூன்று வாரம். அடுத்த ஞாயிறு சோழவரத்தில் ரேஸ். தானும் ஓட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இந்தச் சத்தத்தோடு போனால் சோழவரமே சிரிக்கும்.

கம்பெனி லாரி ஓட்டும் கன்னியப்பன் அந்தச் சத்தம் கேட்டாலே வேலையை விட்டுவிட்டு ஷெட்டை எட்டிப் பார்ப்பான். ஏனென்றால் அந்தக் காரைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் வேம்புலி, அவன் தங்கச்சி கெங்கம்மாளின் புருஷன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தங்கச்சி திண்டாடியபோது, "நல்ல வேலைக்காரன் மொதலாளி, நான் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து வேலை வாங்கித் தந்தவனே கன்னியப்பன்தான்.

சனிக்கிழமை காலை பயந்தது நடந்தது. கார் ஷெட்டுக்குள் கர்ர்ர் என்று வந்து நின்றது. ஜானகிராமன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

"மூணு வாரம் டயம் குடுத்தேன். கிளச்சை சரி பண்ணிட்டேன்னே, கியர் ராடை சரி பண்ணிட்டேன்னே. என்னத்தடா பண்ணினே? திங்கக்கிழமையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

வேம்புலி கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான். அவன் வாயைத் திறக்கமாட்டான், அது கன்னியப்பனுக்குத் தெரியும். நாக்கு இருந்தும் ஊமை, பாவி.

"மொதலாளி, கோச்சிக்காதீங்க. ஒரு தபா நான் ஓட்டிப் பாக்கட்டா?" என்றான் கன்னியப்பன்.

"லாரி ஓட்டறவன் இதை ஓட்டுவியா?"

"வண்டி வண்டிதானுங்களே."

ஜானகிராமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் சொல்லாமல் விட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"அப்ப என் கால்லதான் கோளாறுங்கறே. சரி, ஓட்டு. சத்தம் வராம ஓட்டினா அவன் இருக்கட்டும். ஒரு தடவை சத்தம் வந்தது, மாமன் மச்சான் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

வம்பை விலை கொடுத்து வாங்கியாயிற்று. கன்னியப்பன் செருப்பைக் கழற்றி ஷெட்டில் விட்டான், வெறும் காலோடு ஏறி உட்கார்ந்தான். தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் முதலாளி. பதினான்கு வருஷத்தில் முதலாளியை இடப்பக்கம் வைத்து அவன் ஓட்டியதில்லை.

எஸ்டேட் கேட்டைத் தாண்டி ஆவடி ரோட்டில் திரும்பினார்கள். டேங்க் பாக்டரி ஷிப்டுக்குப் போகிற சைக்கிள்கள் சாரை சாரையாக. கன்னியப்பன் லாரியில் செய்வதையே இதிலும் செய்தான். கிளச்சை மிதித்தான், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான், கிளச்சை விட்டான். ஒரு மூச்சு. மறுபடி மிதித்து அடுத்த கியரில் போட்டான். இரண்டு. மூன்று. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. பழைய லாரியில் இப்படிப் போடாவிட்டால் கியர் கையைத் தட்டிவிடும், அதனால் அவன் காலுக்கு வேறு விதமாகப் போடத் தெரியாது.

மண்ணூர்ப்பேட்டைப் பக்கம் எருமை ஒன்று ரோட்டுக்கு நடுவே வந்து அசையாமல் நின்றது. வேகத்தைக் குறைத்து மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டும். சத்தம் வருவதென்றால் இங்கேதான் வரும். தங்கச்சி முகம் கண் முன்னால் வந்து போனது. கிளச், நியூட்ரல், கிளச்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் லேசாக ஒரு தட்டு, மறுபடி கிளச். கியர் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அவன் இடது கைக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. கியர் லீவர் இறுகிப் போய்க் கிடந்தது. கெட்டியான கேழ்வரகுக் களியில் துடுப்பைப் போட்டுக் கிண்டுகிற மாதிரி. இவ்வளவு சின்ன வண்டிக்கு இவ்வளவு முரட்டுத்தனம் ஆகாது. ஓரமாக நிறுத்தினான். காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கி, கியர்பாக்ஸின் ரப்பர் மூடியைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்தான். குமட்டுகிற கந்தக நாற்றம். லாரிக்கு ஊற்றுகிற கியர் ஆயில்!

நடந்தது அவனுக்கு விளங்கிவிட்டது. புது வண்டி ஷெட்டுக்கு வந்தால் பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அங்கே வழக்கம். வேம்புலியும் முதல் நாளே பக்தியோடு அதைச் செய்தான். கியர்பாக்ஸ் என்றால் கியர் ஆயில்தானே? இருப்பது ஒரே பீப்பாய், அதிலிருந்து ஊற்றிவிட்டான். அந்தக் கெட்டியில் இந்தச் சின்னக் கியர் சட்டென்று சேராமல் உரசிக் கத்துகிறது. அட மடையா!

சொல்லாவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. வேம்புலி பிழைத்துக்கொள்வான். கன்னியப்பன் கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகப் போனான்.

ஜானகிராமன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். குரலில் காலையில் இருந்த சூடு இல்லை.

"எனக்கும் உள்ளுக்குள்ள தெரியும்பா. மூணு வாரமா ராத்திரி படுத்தா கால்லதான் நினைப்பு. வேம்புலியைத் திட்டினதெல்லாம் சும்மா. சோழவரம் வேண்டாம், வண்டியை வித்துடறேன்."

கன்னியப்பனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் இப்படி நொந்துபோவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியுமா? கெங்கம்மா, என்னை மன்னிச்சிடு.

"வித்துடாதீங்க மொதலாளி. பாதித் தப்பு ஆயில்ல கீது. இதுல லாரி ஆயில் ஊத்திகீது. எங்க மாப்ளே தெரியாம ஊத்திட்டான்."

"பாதியா?"

"மீதி உங்க கால்லதாங்க."

ஜானகிராமன் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகம். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில்தான்னு போட்டிருக்கு. தடிச்ச ஆயில் ஊத்தக் கூடாதாம்."

"இந்தப் பொஸ்தகம் மொதல்லேர்ந்து இதுலயே கீதுங்களா?"

திரும்பி வரும் வழியெல்லாம் ஜானகிராமன் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

ஷெட் வாசலில் வேம்புலி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஜானகிராமன் இறங்கிப் புத்தகத்தை அவன் முன்னால் நீட்டினார்.

"இதைப் படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும்," என்றார். "உள்ள இருக்கறதை வடிச்சிட்டு இன்ஜின் ஆயில் ஊத்து. நான் இங்கேயே இருக்கேன்."

வேம்புலி காருக்கு அடியில் புகுந்தான். கருப்பாக, சோம்பேறித்தனமாக, கெட்டி ஆயில் சட்டியில் இறங்கியது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஜானகிராமன் தனியாக ஏறிக் கிளம்பினார். இரண்டாவது கியர் சத்தமில்லை. மூன்றாவதுக்கு எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அதுவும் இல்லை. டீக்கடைக்காரன் ஏமாந்து போய் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், தப்பிச்சேன்," என்றான் வேம்புலி. கண்ணில் தண்ணீர்.

"சும்மா இர்றா. இன்னும் திரும்பி வரல."

பத்து நிமிஷம் கழித்துக் கார் கேட்டுக்குள் திரும்பியது. வேகம் முழுசாகக் குறையும் முன்பே அவசரப்பட்டு ஒரு கியர் இறக்கினார்.

கர்ர்ர்!

வேம்புலி கையிலிருந்த ஆயில் டின் கீழே விழுந்து உருண்டது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். கார் அவர்கள் முன்னால் வந்து நின்றது. ஜானகிராமன் தலையை வெளியே நீட்டினார்.

"வேம்புலி, இது நான்," என்றார். "கன்னியப்பா, அந்தப் பக்கம் ஏறு. வர்ற வாரம் முழுக்க லாரியை எடுக்காதே. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் காலுக்கு எதையாவது சொல்லிக் குடு."