நாற்பத்தொன்றாம் எண் ஷூ

அம்புக்குறி கம்பெனியின் ஷூக்கள் முதன்முதலாக ஒரு மனிதரை மிதித்துக் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு. செத்தவர் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த அலைக்குறி கம்பெனியின் காவலாளி. அதற்கு முந்தின வாரம்தான் உலக விற்பனையில் அம்பை அலை முந்தியிருந்தது. பொறுக்காமல் அம்பின் இருநூறு ஜோடி ஷூக்கள் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக்கொண்டு சாலையைக் கடந்தன. அம்பு மறுபடி முந்தியபோது அலையின் ஷூக்கள் இறங்கிவந்து அம்பின் லாரி ஓட்டுநரை விலா நொறுங்க மிதித்தன. தூர தேசங்களில் கடைகள் திறக்கத் திறக்க இங்கே பிணம் விழுந்தது. இரண்டு கம்பெனிகளும் இழவு வீட்டுக்குத் தவறாமல் மலர்வளையம் அனுப்பின. கூடவே ஆளுக்கொரு ஷிப்டையும் கூட்டின. ஆறு வருடத்தில் பதினாறு பேர்.

அம்பில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் அக்காவும், அலையில் துணி வெட்டும் அவள் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு அவனைத் தவிர யாருமில்லை.

“அந்த வேலைய விட்டுத் தொலைடா. உன்னையும் மிதிச்சிட்டா நான் யாருக்குடா சோறு போடுவேன்?”

“புது ஷூன்னா கடிக்கத்தான்கா செய்யும். அதுவும் நீ ஒட்டினதுன்னா ரோட்டத் தாண்டறதுக்குள்ள வாயப் பொளந்துடும்.”

“வாயக் கழுவுடா. நான் ஒட்டினது இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல.”

அலை மறுபடி முந்திய ஒரு நாள், அதன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து அம்பின் ஷூக்கள் தம்பியைச் சூழ்ந்துகொண்டன. சாலையைத் தாண்டி ஓடிவந்தவள், வெறிநாய்களைப் பிடித்து இழுப்பதுபோல இரண்டு கையாலும் இழுத்து எறிந்தாள். எறிந்தவை திரும்பி வந்தன. அவளை ஒன்றும் தொடவில்லை. அவள் விரல்களில் பசை வாசனை இருந்தது. ஏழு நிமிடத்தில் எல்லாம் அடங்கின.

தம்பியின் நெஞ்சில் கடைசியாக நின்றிருந்த ஜோடியை எடுத்தாள். ஒட்டியவரின் எண்ணை ஒவ்வொரு ஷூவின் நாக்கிலும் அச்சிடுவது கம்பெனி வழக்கம். நாற்பத்தொன்று. அவளுடைய எண். அழுவதற்கு முன், கைப்பழக்கத்தில், நகத்தை விட்டு அடிப்பாகத்தை நெம்பிப் பார்த்தாள். நூலளவுகூடப் பிரியவில்லை.

ரத்தம் பட்ட சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காலுக்கு அது இரண்டு அளவு பெரிது. தம்பியின் பழைய சட்டையைக் கிழித்து முனையில் திணித்து, அதைத்தான் போட்டுக்கொண்டு இன்றும் வேலைக்குப் போகிறாள். அலையின் வாசலைக் கடக்கும்போது வலது கால் மிதிக்கத் தானாகத் தூக்கிக்கொள்ளும். “சும்மா கெட,” என்று அதட்டுவாள். புதிய காவலாளி இரண்டடி தள்ளி நின்று, “போய்ட்டு வாங்கக்கா,” என்பார்.